சீனர் சமய வாழ்வும் நம் தோட்டத்து ஆலயங்களும்

(ஆலயத் திருவிழாவின் ஏழாம் நாள் இரவு நிகழ்ந்த சமயச் சொற்பொழிவின் எழுத்து வடிவம்)



அம்மன் திருவிழா மேடையில் சீனரின் சமயத்தைப் பற்றிப் பேசுவானேன் என்று சிலர் எண்ணக்கூடும். காரணம் உண்டு. நம் நெகிரி செம்பிலான் மாநிலத் தோட்டங்களில் தேர் புறப்படும் நாளன்று தேங்காய் பழத்தட்டோடு சீன அன்பர்களும் வந்து நிற்பது நாம் காணாத காட்சியன்று. அவர்கள் தம் வழக்கப்படி மூன்று ஊதுவத்திகளை இரு கைகளாலும் ஏந்தி வணங்கிச் செல்கிறார்கள். "இவர்கள் எந்தச் சமயத்தார்? நம் கோயிலில் இவர்கள் முறையில் வழிபடலாமா? இப்படியே விட்டால் நம் முறை கெட்டுவிடாதா?" என்று நம் இளைஞர்கள் கேட்கிறார்கள். நியாயமான வினாக்கள். இவற்றுக்கு விடை காணச் சீனரின் சமய வரலாற்றையும், அந்த வரலாற்றில் தமிழர் பெற்ற இடத்தையும் சற்றே அறிந்துகொள்வது நலம்.

மூன்று நெறி, ஒரு வீடு

சீன நாட்டில் தொன்றுதொட்டு மூன்று நெறிகள் போற்றப்பட்டு வருகின்றன. பெற்றோரைப் பேணுதல், மூத்தோரை மதித்தல், கடமை தவறாமை ஆகியவற்றை வலியுறுத்தியவர் கன்பூசியஸ். இயற்கையின் போக்கோடு ஒட்டி வாழும் வழியைக் கூறுவது லாவோட்சு பெயரால் வழங்கும் தாவோ நெறி. மூன்றாவது, நம் பாரதத்திலிருந்து சென்ற பௌத்தம். ஏறத்தாழ ஈராயிரம் ஆண்டுகளுக்கு முன்னர் அது அங்குக் கால்கொண்டது.

இங்கே நாம் கருத்தூன்ற வேண்டிய செய்தி ஒன்றுண்டு. சாதாரணச் சீனக் குடும்பம் இம்மூன்றில் ஒன்றைத் தேர்ந்து மற்ற இரண்டை விலக்கி வாழ்ந்ததில்லை. வீட்டில் முன்னோர் பெயர்ப்பலகைக்கு வழிபாடு நடக்கும்; நோய் நொடி என்றால் தாவோ குருவை அழைப்பார்கள்; இறந்தவர் நற்கதி பெறப் பௌத்தத் துறவியர் ஓதுவார்கள். மலாக்காவில் பதினேழாம் நூற்றாண்டில் தோன்றிய செங் ஊன் தெங் கோயில் இம்மூன்று நெறிக்கும் உரிய ஒரே கோயிலாக இன்றும் விளங்குகிறது. குலதெய்வத்துக்குப் பொங்கலிட்டு, முருகனுக்குக் காவடி எடுத்து, சனிக்கிழமை பெருமாளுக்கு விரதம் இருக்கும் நம் பாட்டிமார்க்கு இது புதிதன்று. ஆதலால், நம் ஆலயத்துக்கு வரும் சீன அன்பர் தம் சமயத்தைக் கைவிட்டு வருகிறார் என்று நாம் எண்ண வேண்டுவதில்லை. அருள் உள்ள இடத்தில் கைகூப்புவது அவருடைய முன்னோர் வழி.

வரவேற்பும் வாட்டமும்

இம்மூன்றோடு சீனம் நின்றுவிடவில்லை. சியான் நகரில் 781ஆம் ஆண்டில் நாட்டப்பட்ட கல்வெட்டு ஒன்று, 635ஆம் ஆண்டிலேயே கிறிஸ்துவத் துறவி ஒருவர் அரசவையில் வரவேற்கப்பட்டதைக் கூறுகிறது. அதே சியான் நகரின் பெரிய பள்ளிவாசல் சீனக் கூரையும் மண்டபமுமாய், பார்ப்பதற்குச் சீனக் கோயிலைப் போலவே அமைந்துள்ளது. பாரசீகத்தில் பிறந்து அங்கேயே நசுக்கப்பட்ட மானி சமயம் சீனத்தில் நெடுங்காலம் வாழ்ந்தது. சுவான்சௌ நகரை அடுத்த ஒரு கோயிலில் 1339இல் செதுக்கப்பட்ட மானியின் திருவுருவம் 'ஒளியின் புத்தர்' என்ற பெயரில் இன்றளவும் உள்ளது.

ஆயினும் சீன வரலாறு முழுவதும் இணக்கமே நிலவியது என்று சொன்னால் அது உண்மையாகாது. 845ஆம் ஆண்டில் தாங் பேரரசர் வூசோங் பௌத்தத்தின் மீது சினங்கொண்டார். மடங்களின் நிலமும் செல்வமும் அரசின் கண்ணை உறுத்தின; அயல்நாட்டுச் சமயம் என்ற குற்றச்சாட்டும் சேர்ந்தது. 4,600க்கு மேற்பட்ட மடங்கள் இடிக்கப்பட்டன என்றும், 2,60,500 துறவியர் இல்லறத்துக்குத் திருப்பப்பட்டனர் என்றும் அரச ஆணையே கூறுகிறது. கிறிஸ்துவத் துறவியரும் தப்பவில்லை. அண்மைக் காலத்தில், 1966 முதல் 1976 வரை நடந்த பண்பாட்டுப் புரட்சியின்போது எண்ணற்ற கோயில்கள் சிதைக்கப்பட்டன. பின்னர் அவற்றுட் பல மீண்டும் எழுந்தன.

அரசனின் அருள் ஒரு தலைமுறைக்கு உண்டு, மறு தலைமுறைக்கு இல்லாமற் போகும். அவ்வாறாயின் ஒரு கோயிலை நிலைநிறுத்துவது எது? இதற்கு விடை சொல்லும் கோயில்கள் சீனத்திலும் தமிழகத்திலும் இருந்தன. அவற்றின் கதையை இனிக் காண்போம்.

கடல் கடந்த இரு கோயில்கள்

தமிழகத்துக்கும் சீனத்துக்கும் இருந்த உறவு பழமையானது. சீன யாத்திரிகர் யுவான் சுவாங் ஏழாம் நூற்றாண்டில் காஞ்சி மாநகரைக் கண்டு எழுதியுள்ளார். போதிதருமர் காஞ்சியிலிருந்து சென்றவர் என்பது வழிவழி வரும் நம்பிக்கை. பல்லவ மன்னன் இராசசிம்மன் 720இல் சீனப் பேரரசருக்குத் தூது அனுப்பினான். சோழரின் தூதுக்குழுக்கள் 1015, 1033, 1077 ஆகிய ஆண்டுகளில் சீன அரசவையை அடைந்தன. சைவத்தில் ஊறிய இராசராச சோழன், கடாரத்து அரசன் பெயரால் நாகப்பட்டினத்தில் எழுந்த சூடாமணி விகாரம் என்னும் பௌத்தப் பள்ளிக்கு ஆனைமங்கலம் என்ற ஊரையே கொடையாக அளித்தான். அந்தக் கடாரம் நம் மலேசியத் திருநாட்டின் கெடா மாநிலம் என்பதை நீங்கள் அறிவீர்கள்.

அதே நாகப்பட்டினத்தில் 1267ஆம் ஆண்டில் சீனர்கள் செங்கல்லால் ஓர் உயர்ந்த கோபுரம் எழுப்பினர். சீன எழுத்தில் ஆண்டு பொறித்த அக்கோபுரத்தைப் பின்னர் வந்த சீனப் பயணி வாங் தாயுவான் குறித்து வைத்துள்ளார்.

பதினான்கு ஆண்டுகள் கழித்து, 1281ஆம் ஆண்டு சித்திரைத் திங்களில், சீனத்தின் சுவான்சௌ துறைமுகத்தில் தமிழர்கள் சிவபெருமானை எழுந்தருளச் செய்தார்கள். சம்பந்தப்பெருமாள் என்னும் தவச்சக்கரவர்த்திகள், செகசைக் கான் என்று கல்வெட்டு குறிப்பிடும் மன்னரின் ஆணை பெற்று, அவர் உடல்நலம் வேண்டி இத்திருப்பணியைச் செய்தார். அப்பொழுது சீனத்தை ஆண்டவர் மங்கோலியப் பேரரசர் குப்லாய் கான். தமிழும் சீனமும் பொறித்த அக்கல்வெட்டு 1956இல் கண்டெடுக்கப்பட்டது.

அன்பர்களே, சற்று எண்ணிப் பாருங்கள். தமிழர் துறைமுகத்தில் சீனர் கோபுரம். சீனர் துறைமுகத்தில் தமிழர் சிவாலயம். இடையே பதினான்கே ஆண்டுகள். அயலார் வழிபாட்டுக்கு இடம் கொடுத்த இரு துறைமுகங்கள் கடலின் இரு கரையிலும் ஒரே காலத்தில் இருந்தன என்பதை எண்ணும்போது நெஞ்சம் நெகிழ்கிறது.

இவ்விரு கோயில்களும் பின்னர் என்ன ஆயின? 1357 முதல் 1366 வரை சுவான்சௌவில் அயல்நாட்டுக் காவற்படையினரின் கிளர்ச்சி நடந்தது. அது அடக்கப்பட்டபோது அயலவர் பலர் உயிரிழந்தனர்; எஞ்சியோர் சிதறினர். தமிழ் வணிகரின் குடியிருப்பும் மறைந்தது. மக்கள் போனபின் கோயில் நிற்குமா? சிவாலயத்தின் கற்கள் பல இடங்களுக்குச் சென்றன. நாகப்பட்டினத்துச் சீனக் கோபுரமோ விளக்கேற்ற ஆளின்றி நெடுங்காலம் கப்பலோட்டிகளுக்குக் கரையைக் காட்டும் அடையாளமாக மட்டும் நின்று, 1867இல் இடித்து அகற்றப்பட்டது.

அயலார் ஏற்றிய விளக்கு

சுவான்சௌவின் கதை அத்துடன் முடிந்துவிடவில்லை. அங்கே 686இல் தோன்றிய காய்யுவான் என்னும் பௌத்தப் பெருங்கோயிலின் பின்புறத்தில் இரு தூண்கள் இருக்கின்றன. அவற்றில் இரணியனைக் கிழிக்கும் நரசிங்கப் பெருமானையும், மருத மரங்களுக்கிடையே கண்ணனையும், யானைக்கு அருள்செய்த திருமாலையும் இன்றும் காணலாம். அம்மண்டபத்தின் அடித்தளத்தில் சிங்கமும் மனித முகச் சிங்கமும் செதுக்கிய 73 கற்பலகைகள் பதிக்கப்பட்டுள்ளன. அதே நகரில் கிடைத்த இன்னொரு சிற்பத்தில் யானையொன்று சிவலிங்கத்தை வழிபடுகிறது. திருவானைக்காத் தலபுராணத்தை அறிந்தோர்க்கு அதன் பொருள் விளங்கும். தமிழர் போனபின் சீனர் அக்கற்களை எறிந்துவிடாமல் தம் புத்தர் கோயிலைத் திருப்பணி செய்தபோது அதனுள்ளே வைத்துக்கொண்டனர்.

அதனினும் வியப்பானது செடியான் என்னும் சிற்றூரின் செய்தி. சுவான்சௌவை அடுத்த அவ்வூரில் நான்கு திருக்கரங்களோடு அமர்ந்த கோலத்தில் தமிழகக் கலைமரபைச் சேர்ந்த ஓர் அம்மன் திருவுருவம் உள்ளது. ஊர்மக்கள் அதனைத் தங்கள் குவான் இன் தாயாகக் கருதி இன்றும் ஊதுவத்தி ஏற்றி வழிபட்டு வருகின்றனர். பிரதிட்டை செய்தவர்களின் பெயர் அவர்களுக்குத் தெரியாது. அம்மனின் தமிழ்ப் பெயரும் தெரியாது. எனினும், தமிழர் விட்டு வந்த அம்மனுக்குச் சீனத் தாய்மார்கள் வழிபாடு நடத்துகிறார்கள்.

அந்தக் குவான் இன் தாயின் வரலாறே நம்மோடு தொடர்புடையது. பாரதத்தில் ஆண் வடிவில் வணங்கப்பட்ட அவலோகிதர் என்னும் போதிசத்துவர் சீனம் சென்று காலப்போக்கில் கருணைத் தாயாக வடிவெடுத்தார். அவருடைய இருப்பிடமாகிய போதலக மலை தென்னாட்டு மலய மலைக்கு அருகில் உள்ளதாக யுவான் சுவாங் எழுதினார். அதனை நம் பொதிகையோடு இணைத்துக் காணும் ஆய்வாளரும் உளர். சீனக் கடையின் சுவரில் வெண்ணிற ஆடையோடு நிற்கும் அந்தத் தாயை நாம் அயல் தெய்வம் என்று சொல்வது எப்படி?

மூன்று மொழியில் ஒரு காணிக்கை

பெரும் கடற்படையோடு நம் மலாக்காவுக்கு வந்த சீனத் தளபதி செங் ஹோவைப் பற்றிப் பள்ளி மாணவரும் அறிவர். அவர் யூனான் மாநிலத்தில் இஸ்லாமியக் குடும்பத்தில் பிறந்தவர். 1409ஆம் ஆண்டைக் குறித்து இலங்கையில் அவர் நாட்டிய கல்வெட்டு 1911இல் காலி நகரில் கிடைத்தது. இப்பொழுது கொழும்பு அருங்காட்சியகத்தில் உள்ளது. அதில் சீனமொழிப் பகுதி புத்தருக்கும், தமிழ்ப் பகுதி திருமாலாகப் போற்றப்பட்ட தென்னாவரை நாயனாருக்கும், பாரசீகப் பகுதி இஸ்லாமியரின் இறைவனுக்கும் சீனப் பேரரசரின் காணிக்கைகளைப் பட்டியலிடுகின்றன. பொன், வெள்ளி, பட்டு, எண்ணெய் என மூன்று பட்டியல்களும் ஏறத்தாழச் சமமாக உள்ளன. அதே செங் ஹோ 1431இல் கடலன்னைக்கு நன்றி கூறித் தம் நாட்டிலும் கல் நாட்டினார்.

இதில் அரசியல் நோக்கமும் உண்டு என்பதை மறுப்பதற்கில்லை. படையோடு வந்தவர் அவர். ஆனாலும் பிறருடைய தெய்வத்தைப் பிறருடைய மொழியிலேயே பெயர் சொல்லிப் போற்ற வேண்டும் என்ற நாகரிகம் அக்கல்லில் இருக்கிறது. நம் அண்டை வீட்டாரின் தெய்வத்துக்கு என்ன பெயர் என்று நம்மில் எத்தனை பேர் கேட்டறிந்திருக்கிறோம்?

நம் மாநிலத்துத் தெய்வம்

ஒரு பெயரை இங்கேயே சொல்லி வைக்கிறேன். இன்றைய சிரம்பான் வட்டாரம் அந்நாளில் சுங்கை ஊஜோங் எனப்பட்டது. ஈயச் சுரங்கத் தொழிலுக்காக வந்த சீனருக்குக் கப்பித்தானாக இருந்தவர் ஷெங் மிங் லி. 1860இல் நடந்த சண்டையில் அவர் கொல்லப்பட்டார். அவர் உடலிலிருந்து வெண்ணிறக் குருதி பெருகியது என்பது மக்கள் நம்பிக்கை. ராசாவில் அவருக்குக் கோயில் எழுந்தது. இங்கிருந்து சென்ற யாப் ஆ லோய், 1864இல் கோலாலம்பூரில் நிறுவிய சின் சே சி யா கோயிலிலும் அவரே 'சின் சே யா' என்ற தெய்வமாக வீற்றிருக்கிறார். தலைநகரின் பழம்பெரும் சீனக் கோயில் ஒன்றின் மூலவர் நம் சிரம்பான் மண்ணில் மாண்டவர் என்பது பலருக்குத் தெரியாத செய்தி.

நம் தோட்டத்து எல்லையில் நிற்கும் மதுரைவீரன் சன்னிதியை இப்பொழுது நினைத்துக்கொள்ளுங்கள். அநியாயமாக வெட்டுண்ட வீரன் மக்களைக் காக்கும் தெய்வமாக நிற்கிறான். சீனத்திலும் போரில் தலையிழந்த குவான் யூ என்னும் தளபதி, நட்புக்கும் நாணயத்துக்கும் உரிய செம்முகத் தெய்வமானார். மலையும் காடும் திருத்தும்போது மண்ணின் காவலரை வணங்க வேண்டும் என்று நம்மவர் முனியாண்டிக்குக் கல் நட்டனர். சீனர் 'நாத்தோ கோங்' என்று சிறு சிவப்பு மாடம் வைத்தனர். அந்தக் காவலர் மலாய்க்காரர் என்று அவர்கள் கருதுவதால் அம்மாடத்தில் பன்றி இறைச்சி படைப்பதில்லை. பிறர் வழக்கை மதித்து நடப்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று வேறென்ன வேண்டும்? ஒன்பதாம் மாதத்தில் ஒன்பது நாள் சைவ உணவு உண்டு வெள்ளாடை உடுத்திச் சீனர் கொண்டாடும் ஒன்பது பேரரசர் விழாவும் நம் நவராத்திரியை ஒட்டியே வருகிறது. அவ்விழாவில் சில கோயில்களில் தீமிதியும் உண்டு.

நாம் செய்ய வேண்டுவன

இவ்வளவும் கூறியது பழம்பெருமை பேசுவதற்காக அன்று. நம் தோட்டங்களின் நிலை நீங்கள் அறியாததன்று. இரப்பர் போய்ச் செம்பனை வந்தது. செம்பனை போய் வீடமைப்புத் திட்டங்கள் வந்தன. லயங்கள் காலியாயின. ஐம்பதுகளில் தோட்டத் துண்டாடலால் மக்கள் அலைக்கழிந்ததைக் கண்டே துன் வீ. தி. சம்பந்தன் 1960இல் தேசிய நிலநிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தோற்றுவித்தார். தோட்ட நிருவாகத்தின் வாய்மொழி அனுமதியில் எழுந்த ஆலயங்கள் பலவற்றுக்கு நிலப்பத்திரம் இல்லாமற்போனது. தோட்டம் கைமாறியபோது அவை பட்ட பாடு நாடறிந்தது.

சுவான்சௌ நமக்கு மூன்று பாடங்களைச் சொல்கிறது. முதலாவது, சம்பந்தப்பெருமாள் ஆணை பெற்றார். பெற்றதைக் கல்லிலும் வெட்டினார். நாமும் நம் ஆலயத்தின் நிலம், பதிவு, கணக்கு ஆகியவற்றை எழுத்தில் செம்மைப்படுத்த வேண்டும். ஆலய வரலாற்றைத் தமிழிலும் தேசிய மொழியிலும் எழுதி வைக்க வேண்டும். 1781இல் தோன்றிய மலாக்கா ஸ்ரீ பொய்யாத விநாயகர் ஆலயம், அருகில் பள்ளிவாசலும் சீனக் கோயிலும் சூழ இன்றும் நிலைபெற்றிருப்பதற்கு அதன் இடத்துக்கு முறையான உரிமை கிடைத்ததும் ஒரு காரணம்.

இரண்டாவது, மக்கள் அகன்றால் கல் மட்டுமே மிஞ்சும். நகரங்களில் குடியேறிய பிள்ளைகள் திருவிழாவுக்கு மட்டும் வந்து போகாமல், மாதம் ஒரு வெள்ளிக்கிழமையேனும் வந்து விளக்கேற்ற வேண்டும். குழந்தைகளுக்கு இத்தெய்வங்களின் பெயரையும் கதையையும் தமிழில் சொல்லித்தர வேண்டும். செடியான் அம்மனுக்கு வழிபாடு இருக்கிறது, பெயர் இல்லை. நம் அம்மனுக்கு அந்த நிலை வரலாகாது.

மூன்றாவது, அண்டை அயலாரின் அன்பு ஆலயத்துக்கு அரண். சுவான்சௌவில் அரச ஆணை மறைந்தது. வணிகர் குழு மறைந்தது. அயலார் பக்தி மட்டுமே அம்மனைக் காத்தது. ஆகவே, நம் ஆலயத்துக்கு வரும் சீன அன்பரை இன்முகத்தோடு வரவேற்போம். கருவறையில் ஆகம முறையும் நம் மரபும் அப்படியே விளங்கட்டும். அதில் தளர்ச்சி வேண்டியதில்லை. வெளிப்பிராகாரத்தில் கொடிமரத்துக்கு அப்பால் ஊதுவத்தி நடுவதற்கு மணல் நிரப்பிய பாத்திரம் ஒன்றை நிர்வாகக் குழு வைக்கலாம். அர்ச்சனைச் சீட்டில் அவர் பெயரையும் தவறின்றி எழுதி அர்ச்சகர் உரக்கச் சொல்லட்டும். அன்னதானப் பந்தியில் அவருக்கும் நம்மோடு சமமாக இலை போடுவோம்.

முறை கெட்டுவிடும் என்று அஞ்சும் பெரியோர்களுக்குப் பணிவுடன் ஒன்று கூறுவேன். காய்யுவான் கோயிலில் நரசிங்கர் தூண் இருப்பதால் அது புத்தர் கோயிலாக இல்லாமற் போகவில்லை. தன் நெறியை நன்கறிந்து ஒழுகுபவன் பிறர் வணக்கத்தைக் கண்டு கலங்குவதில்லை. நம் முறை கெடுமானால், நாம் அதைக் கற்காமலும் பிள்ளைகளுக்குக் கற்பிக்காமலும் விடுவதால்தான் கெடும்.

நம் நாட்டின் ருக்குன் நெகாரா 1970இல் வகுக்கப்பட்டபோது இறைவன் மீது நம்பிக்கை வைத்தல் என்பதே முதற்கோட்பாடாக அமைந்தது. அந்நம்பிக்கை பல வடிவங்களில் விளங்கும் இம்மாநிலத்தில், நம் தோட்டத்து அம்மன் எல்லோர்க்கும் தாயாக விளங்குகிறாள். அவள் சன்னிதி விளக்கு நம் கையாலும் அயலார் அன்பாலும் என்றும் எரிய அவளே அருள்புரிவாளாக.